தெப்ராவில் நாளைய வீடுகளுக்கு நிலம் எவ்வளவு?

உள்ளூர்த் திட்டம் ஒன்றில் வீட்டு நில இருப்பை மதிப்பிடும்போது மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டியிருக்கிறது. வரும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் எத்தனை குடும்பங்களுக்கு வீடு தேவைப்படும்? அவற்றைக் கட்டத்தக்க நிலம் எங்கே, எவ்வளவு இருக்கிறது? அந்த நிலம் எந்த ஆண்டில், யார் வாங்கக்கூடிய விலையில் வீடாகும்? முதல் கேள்விக்கு மக்கள்தொகைக் கணக்கு போதும். இரண்டாவதற்கு நல்ல வரைபடம் போதும். மூன்றாவதற்கு நில உரிமையாளர், வங்கி, வாங்க வருபவர் ஆகிய மூவரின் கணக்கையும் தெரிந்துகொள்ள வேண்டும். சிரமமான கேள்வி அதுதான்; அவசரத்தில் விட்டுப்போகும் கேள்வியும் அதுதான்.

தெப்ராவ், மலேசியாவின் ஜொகூர் பாரு மாவட்டத்து முக்கிம்களில், அதாவது நிர்வாக உட்பிரிவுகளில், ஒன்று. அதே பெயருள்ள ஆறு தெற்கே ஓடி ஜொகூர் நீரிணையில் கலக்கிறது. 1844இல் தான் கீ சூன் தலைமையில் வந்த சீனக் குடியேறிகள் ஆற்றங்கரையில் கங்கார் தெப்ராவ் என்ற குடியிருப்பை அமைத்து, கேம்பியரும் மிளகும் பயிரிட்டனர். கேம்பியர் மண்ணைச் சீக்கிரம் சலிக்க வைக்கும் பயிர். இலையைக் காய்ச்ச விறகும் ஏராளமாக வேண்டும். காடு தீர்ந்து மண்ணும் சத்திழந்த இடத்தை விட்டுவிட்டு அடுத்த கரைக்கு நகர்ந்துவிடுவார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் வந்தது. அதோடு தமிழ்த் தொழிலாளர்களும், லயன் எனப்படும் அவர்களின் வரிசை வீடுகளும் வந்தன. 1909இல் ஜொகூர் ரயில் பாதையும், 1924இல் சிங்கப்பூருக்குத் தரைப்பாலமும் முழுமை பெற்றபின் தோட்டங்களின் மதிப்பு ஏறியது. பின்னர் பல இடங்களில் ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். அதற்கும் பின்னால், ஜொகூர் பாருவுக்கு அருகிலிருந்த தோட்டங்கள் ஒவ்வொன்றாகத் தமான்கள் என்னும் குடியிருப்புகளாயின. மவுண்ட் ஆஸ்டின் என்றால் இன்றைய இளைஞருக்குச் சாப்பாட்டுக் கடைகள்தான் நினைவுக்கு வரும். அது ரப்பர் தோட்டத்தின் பெயர் என்பது தாத்தாக்களுக்குத் தெரியும். தமான் டாயா, டேசா தெப்ராவ், செத்தியா இண்டா, செத்தியா துரோப்பிக்கா என்று வரிசை நீண்டது. 2017 நவம்பரில் ஐக்கியா கடை திறந்தபோது தெப்ராவ் தோட்டப்புறம் என்ற நினைப்பே பலருக்கு மறைந்துவிட்டது.

இந்த வரலாறு விட்டுச்சென்ற ஒன்று இன்றைய மதிப்பீட்டை நேராகத் தொடுகிறது. இங்கே நிலம் பெரும்பெரும் துண்டுகளாகச் சிலர் கையில் இருக்கிறது. சென்னைப் புறநகரில் ஒரு குடியிருப்புக்கு நிலம் சேர்ப்பதென்றால், பல குடும்பங்களின் பட்டாவைச் சென்ட் கணக்கில் திரட்ட வேண்டும். வாரிசுச் சண்டைகளையும் தீர்க்க வேண்டும். தெப்ராவில் ஒரே உரிமையாளரின் கையெழுத்து நூற்றுக்கணக்கான ஹெக்டேரைத் திறந்துவிடும். அதே கையெழுத்து கிடைக்காவிட்டால் ஒரு வட்டாரமே அசையாமல் நிற்கும். எனவே “நிலம் இருக்கிறதா?” என்ற கேள்வி இங்கே பெரும்பாலும் “அவர் எப்போது விற்பார், அல்லது எப்போது கட்டுவார்?” என்ற கேள்விதான்.

சட்டம் இதில் இரண்டு தடங்களாக ஓடுகிறது. மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணைப்படி நிலம் மாநிலத்தின் அதிகாரம். நகர், கிராமத் திட்டமிடல் கூட்டரசும் மாநிலமும் பகிர்ந்துகொள்ளும் பொதுப்பட்டியலில் இருக்கிறது. 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டம், அதாவது சட்டம் 172, திட்டங்களை அடுக்காக வைக்கிறது. மேலே தேசிய பௌதிகத் திட்டம். அதற்குக் கீழே மாநிலக் கட்டமைப்புத் திட்டம். அதற்கும் கீழே மாவட்டம் அல்லது ஊராட்சி மன்ற எல்லைக்கான உள்ளூர்த் திட்டம். எந்த மனை குடியிருப்பு, எது தொழில், எது பசுமை என்று நிறம் தீட்டிக் காட்டுவது கடைசி அடுக்குதான். ஜொகூருக்கு 2030 வரையிலான கட்டமைப்புத் திட்டமும், ஜொகூர் பாரு, கூலாய் மாவட்டங்களுக்கு 2025 வரையிலான உள்ளூர்த் திட்டமும் இந்த வரிசையில் வந்தவை. 2006 நவம்பரில் தொடங்கிய இஸ்கண்டார் மலேசியா வட்டாரத்துக்குத் தனியாக ஒரு முழுமை மேம்பாட்டுத் திட்டமும் உண்டு.

இன்னொரு தடம் தேசிய நிலச் சட்டம். வரைபடத்தில் ஒரு தோட்டம் குடியிருப்பு நிறத்தில் இருந்தாலும், அதன் உரிமைப் பத்திரத்தில் ‘விவசாயம்’ என்று எழுதியிருந்தால் அங்கே வீடு கட்ட முடியாது. பிரிவு 124இன் கீழ் நிபந்தனையை மாற்ற வேண்டும். நிலத்தை மனைகளாகப் பிரிப்பதையும் சேர்த்துச் செய்யப் பிரிவு 124ஏ இருக்கிறது. மாற்றத்துக்கு மாநிலத்துக்குப் பிரிமியம் கட்ட வேண்டும். ஆக, திட்டத்தின் நிறமும் பத்திரத்தின் சொல்லும் ஒத்துப்போகும் நிலம், ஒத்துப்போகாத நிலம் என்று கணக்கை முதலிலேயே இரண்டாகப் பிரிக்க வேண்டும். முதல் வகை நாளை வீடாகலாம். இரண்டாவது வகைக்குச் சில ஆண்டுகள் பிடிக்கும். இரண்டையும் ஒரே கூட்டுத்தொகையில் போடும் அறிக்கை, படிப்பவரைத் தவறான வழியில் அனுப்பும்.

இனித் தேவைப் பக்கம். 2010 கணக்கெடுப்பில் ஜொகூர் பாரு மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 13 லட்சத்து 30 ஆயிரம். 2020இல் சுமார் 17 லட்சத்து 10 ஆயிரம். பத்தாண்டில் 3 லட்சத்து 80 ஆயிரம் பேர் கூடியிருக்கிறார்கள். ஒரு வீட்டுக்கு 3.8 பேர் என்ற 2020ஆம் ஆண்டின் நாட்டுச் சராசரியால் வகுத்தால் ஒரு லட்சம் வீடுகள் என்று வரும். இந்தக் கணக்கு எளிது, ஆனால் பிழையானது. பத்தாண்டுக்கு முன் குடும்பத்தின் சராசரி அளவே 4க்கு மேல் இருந்தது. கணக்கின் வசதிக்கு அதை 4.2 என்று வைத்துக்கொண்டால், 2010இன் மக்கள் 3 லட்சத்து 17 ஆயிரம் வீடுகளில் அடங்குவார்கள். 2020இன் மக்களுக்கு 4 லட்சத்து 50 ஆயிரம் வீடுகள் வேண்டும். வித்தியாசம் 1 லட்சத்து 33 ஆயிரம். ஒருவர்கூடப் புதிதாக வராவிட்டாலும், மகன் மணம் முடித்துத் தனிக்குடித்தனம் போவதும், முதிய தாய் பழைய வீட்டிலேயே தங்கிவிடுவதும் வீட்டுத் தேவையைக் கூட்டுகின்றன. கூட்டுக் குடும்பம் உடைவதன் கணக்கு இது. நாட்டின் எந்த இனத்துக்கும் விலக்கில்லை.

ஜொகூர் பாருவுக்கென்று இன்னொரு சிக்கல் உண்டு. நாள்தோறும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் தரைப்பாலம் வழியே இரு திசையிலும் போய்வருகிறார்கள். அவர்களில் பலர் சிங்கப்பூரில் சம்பாதித்து ஜொகூரில் தூங்குகிறவர்கள். இவர்களுடைய வீட்டுத் தேவையை உள்ளூர்ச் சம்பளம் தீர்மானிப்பதில்லை. சிங்கப்பூர் வெள்ளியின் மாற்று விகிதம் தீர்மானிக்கிறது. ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாருக்கும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் வடக்குக்கும் இடையிலான ஆர்டிஎஸ் ரயில் ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் 10,000 பேரை ஏற்றிச் செல்லும் அளவுக்குத் திட்டமிடப்பட்டது. 2025 ஜனவரி 7ஆம் தேதி ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தமும் கையெழுத்தானது. இவை எத்தனை குடும்பங்களைத் தெப்ராவுக்குக் கொண்டுவரும் என்பதை ஒரே எண்ணாகச் சொல்லும் மதிப்பீட்டை நம்பக் கூடாது. குறைவு, நடு, அதிகம் என்று மூன்று எண்கள் தருவதே நேர்மை.

அதிகமாகக் கணித்ததன் பலனை இந்த வட்டாரம் ஏற்கனவே அனுபவித்திருக்கிறது. இஸ்கண்டார் மலேசியாவின் முதல் திட்டம், 2,217 சதுர கிலோமீட்டர் பரப்பில் 2025க்குள் 30 லட்சம் பேர் வாழ்வார்கள் என்று கொண்டது. 2020 கணக்கெடுப்பில் அதன் பெரும்பகுதியான ஜொகூர் பாரு, கூலாய் மாவட்டங்கள் இரண்டும் சேர்ந்து 20 லட்சத்தைச் சுற்றியே நின்றன. நீரிணையில் மண் கொட்டி எழுப்பிய பாரஸ்ட் சிட்டிக்கு 7 லட்சம் பேர் வருவார்கள் என்று சொல்லப்பட்டது. அங்கே இன்றும் விளக்கெரியாத மாடிகளே அதிகம்.

2010–2020இன் வேகமே தொடரும் என்று கொண்டு, அதையே நடு எண்ணாக எடுத்துக்கொள்வோம். பத்தாண்டுக்கு 1 லட்சத்து 33 ஆயிரம் வீடுகள். இதற்கு எவ்வளவு நிலம் வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ள, ஒரு செம்பனைத் தோட்டத்தை எடுத்து அங்குலம் அங்குலமாகக் கழித்துப் பார்ப்பதே நல்ல வழி. தெப்ராவின் உட்பகுதியில் 100 ஹெக்டேர் தோட்டம் ஒன்று இருப்பதாகக் கொள்ளலாம். எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை, விதிகள் மட்டும் உண்மையானவை.

அதன் நடுவே 15 மீட்டர் அகலக் கிளையாறு ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது. வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் வழிகாட்டியில் 10 முதல் 20 மீட்டர் அகல ஆற்றுக்கு இரு கரையிலும் 20 மீட்டர் ஒதுக்கீடு. 40 மீட்டருக்கு மேற்பட்ட ஆறென்றால் 50 மீட்டர். ஆறும் கரைகளும் சேர்ந்து 5.5 ஹெக்டேர் போய்விட்டது. 275 கிலோவோல்ட் மின்கம்பி ஒன்று மூலைவாட்டில் 1.2 கிலோமீட்டர் கடக்கிறது. அதன் அடியில் சுமார் 40 மீட்டர் அகலப் பாதையில் வீடு கூடாது என்பதால் 4.8 ஹெக்டேர். ஒதுக்கீட்டுக்கு அப்பாலும் மழைக்காலத்தில் நீர் நிற்கும் தாழ்நிலம் 8 ஹெக்டேர். 25 பாகைக்கு மேல் சரிந்த மேட்டு முகம் 1.7 ஹெக்டேர். ஆக 20 கழிந்து 80 மிஞ்சுகிறது.

மிஞ்சிய 80இல் பத்து விழுக்காடு பொதுத் திறந்தவெளி: 8 ஹெக்டேர். சாலையும் பின்சந்தும் வாய்க்காலும் 22. 2000இல் வந்த மழைநீர் மேலாண்மைக் கையேடு, மேம்பாட்டால் கூடும் வெள்ளத்தை அந்தத் தமானே தாங்கிக்கொள்ள வேண்டும் என்கிறது. அதற்கான குளத்துக்கு 3. கழிவுநீர் நிலையமும் துணைமின் நிலையங்களும் 2. பள்ளி, சூராவ், கோவில், மண்டபம் ஆகியவற்றுக்கு 5. கடை வரிசைக்கு 4. கூட்டினால் 44 ஹெக்டேர். வீட்டு மனைக்கு நின்றது 36 ஹெக்டேர்.

ஜொகூர் பாருவில் சாதாரணமான இரட்டை மாடி வரிசை வீட்டின் மனை 22க்கு 70 அடி, அதாவது சுமார் 143 சதுர மீட்டர். 36 ஹெக்டேரில் 2,500 மனைகள் வரும். மூலை வீட்டுக்கும் கடைசி வீட்டுக்கும் கூடுதல் இடம் விட்டால் 2,300. மொத்த 100 ஹெக்டேரையும் 143ஆல் வகுத்துப் பார்த்தவருக்கு ஏழாயிரம் வீடுகள் கிடைத்திருக்கும். காகிதத்து ஏழாயிரத்துக்கும் களத்து 2,300க்கும் இடையிலான தூரத்தில்தான் நில இருப்பு மதிப்பீடு என்ற வேலையே இருக்கிறது.

ஒரு ஹெக்டேருக்கு 23 வீடு என்று வைத்தால், 1 லட்சத்து 33 ஆயிரம் வீடுகளுக்கு 5,800 ஹெக்டேர், அதாவது 58 சதுர கிலோமீட்டர் வேண்டும். மாவட்டத்தின் மொத்தப் பரப்பு சுமார் 1,060 சதுர கிலோமீட்டர். முழுக்க வரிசை வீடாகவே கட்டினாலும் பத்தாண்டுக்கு நூற்றில் ஐந்தரைப் பங்கு போதும். அடுக்குமாடியாக உயர்த்தினால் இதிலும் பாதிக்குக் கீழே இறங்கிவிடும். மாவட்டத்தில் நிலப் பஞ்சம் இல்லை என்பதை இந்தக் கணக்கு சொல்லிவிடுகிறது. அப்படியானால் வீடு கிடைக்கவில்லை என்ற புலம்பல் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும்.

அதற்கு முன், கழித்தல் கணக்கில் விட்டுப்போகும் இரண்டைச் சொல்ல வேண்டும். முதலாவது தண்ணீர். தெப்ராவ் ஆறு வெறும் வடிகால் அல்ல, குடிநீர் ஆறு. 1961ஆம் ஆண்டின் தெப்ராவ், ஸ்கூடாய் ஆறுகள் ஒப்பந்தத்தின்படி சிங்கப்பூர் இங்கே நீர் எடுத்துச் சுத்திகரித்தது. 2011 ஆகஸ்ட் 31ஆம் தேதி அந்த ஒப்பந்தம் முடிந்து நிலையங்கள் ஜொகூரிடம் வந்தன. குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே உள்ள நிலத்தில் எத்தனை தமான் எழுந்தாலும், அவற்றின் கழிவும் கட்டுமான மண்ணும் கடைசியில் அந்தக் குழாய்வாய்க்கே வந்து சேரும். ஆற்றின் கீழ்ப்பகுதியோ கடலேற்றத்துக்கு உட்பட்டது. ஏற்றமும் கனமழையும் ஒரே நேரத்தில் அமைந்தால் நீர் வெளியேற வழியில்லை. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரை இருமுறை தாக்கிய வெள்ளத்தில் மாநிலமெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு விட்டு வெளியேறினார்கள். பழைய வெள்ளக் கோடுகளை வரைபடத்தில் ஏற்றாமல் நிலத்தைக் ‘காலி’ என்று குறிப்பது பின்னால் ஆளைக் குடிவைத்துத் தண்ணீரில் விடுவதாகும். சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பைத் தரிசு என்று நினைத்துக் கட்டியதன் விலையை அந்த நகரம் ஒவ்வொரு மழைக்கும் கட்டிக்கொண்டிருக்கிறது. அண்டைத் தொழிற்சாலைகளும் இதே கணக்கில் வரும். 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டு ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்குப் போனார்கள்; 111 பள்ளிகள் மூடப்பட்டன. தொழில் நிலத்துக்கும் வீட்டுக்கும் நடுவே விடும் இடைவெளியை இட விரயம் என்று பேசியவர்கள் அதன்பின் கொஞ்சம் அமைதியானார்கள்.

இரண்டாவது, பத்திரத்தில் இல்லாத உரிமை. நீரிணைக் கரையில் பல தலைமுறையாக வாழும் ஒராங் செலேத்தார் மக்களின் கிராமங்களுக்குக் கிராண்ட் எனும் உரிமைப் பத்திரம் கிடையாது. நில அலுவலகக் கணக்கில் அவை அரசு நிலம், அல்லது வேறொருவர் நிலம். 2017இல் ஜொகூர் பாரு உயர் நீதிமன்றம் பாக்கார் பத்து, சுங்கை தெமோன் மக்களின் வழிவழி நில உரிமையை ஏற்றுத் தீர்ப்பளித்தது. காலி மனை என்று பட்டியலில் ஏறிய நிலம் ஒரே தீர்ப்பில் பட்டியலைவிட்டு இறங்கலாம் என்பதற்கு இது சான்று.

தோட்டத் தமிழர் கதையும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. லயன் வீடு வேலையோடு சேர்ந்த வீடு. வேலை போனால் வீடும் போகும். 1950களில் வெளிநாட்டு நிறுவனங்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியபோது, வேலையும் வீடும் ஒருசேரப் போகும் நிலை வந்தது. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்து, தொழிலாளர்களிடமே மாதச் சந்தா திரட்டித் தோட்டங்களை வாங்க வைத்தது அதற்கான பதில். பின்னர் நிலச் சட்டத்தில் பிரிவு 214ஏ சேர்ந்தது: 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலம் கைமாறுவதற்குத் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் கேட்கும் அந்தக் கட்டம், மதிப்பீட்டாளருக்கு முன்னறிவிப்பும் ஆகும். எந்தத் தோட்டம் மேம்பாட்டுக்கு நகர்கிறது என்று ஊராட்சி மன்றத்தின் மேசைக்கு விண்ணப்பம் வருவதற்கு முன்பே அங்கே தெரிந்துவிடும்.

தோட்டத்துக்குள் நிற்பவை லயன்கள் மட்டுமல்ல. பல தமிழ்ப் பள்ளிகள் தனியார் தோட்ட நிலத்தில் தொடங்கியவை. அரசின் பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே நீடித்ததற்கு அந்த நில உரிமைச் சிக்கலும் ஒரு காரணம். முதலாளியின் வாய்மொழி இசைவில் எழுந்த மாரியம்மன் கோவிலுக்கும் முனியாண்டி மேடைக்கும் பத்திரம் எதுவும் இருக்காது. தோட்டம் விற்றதும் நூறாண்டுக் கோவில் அனுமதியில்லாத கட்டடம் என்ற பெயரெடுக்கும்; பள்ளி வேறோர் ஊருக்குப் பெயர்ந்தாலும் பழைய தோட்டத்தின் பெயரைச் சுமந்துகொண்டிருக்கும். இடுகாடு பற்றி யாரும் பேசமாட்டார்கள், புல்டோசர் வரும்வரை. நில இருப்புப் பட்டியலில் ஒவ்வொரு தோட்டத்துக்கும் எதிரே இவற்றை அளந்து குறிப்பது ஓர் ஆய்வாளருக்கு அரை நாள் வேலை. திட்டம் வரையும் கட்டத்தில் அவற்றுக்கு அரை ஹெக்டேரை ஒதுக்கிவைப்பது மலிவு. மனை பிரித்து விற்ற பிறகு தேடுவது நீதிமன்றச் செலவு.

இப்போது அந்தப் புலம்பலுக்கு வரலாம். 2021 இறுதியில் ஜொகூரில் கட்டி முடித்தும் விற்காமல் கிடந்த வீடுகள் 6,000க்கு மேல். நாட்டிலேயே அதுதான் அதிகம். விற்பனைக்கு வந்து ஒன்பது மாதம் கடந்தும், தகுதிச் சான்றிதழ் பெற்ற பின்னும் ஆளில்லாமல் நிற்பவற்றைத்தான் தேசிய சொத்துத் தகவல் மையம் தேக்கம் என்று எண்ணுகிறது. இதில் ஒரு பொடி விஷயம் உண்டு. வணிக நிலத்தில் கட்டிய சர்வீஸ் அபார்ட்மெண்ட்களை அந்த மையம் வீட்டுக் கணக்கில் சேர்க்காமல் தனியே காட்டுகிறது. ஜொகூர் பாருவில் அவை கோபுரம் கோபுரமாக நிற்கின்றன. அவற்றின் தேக்கம் சாதாரண வீட்டுத் தேக்கத்தையே சிறிதாக்கிவிடும். ஆனால் அங்கே குடியிருப்பவர் சமைக்கிறார், தூங்குகிறார், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறார். குடியிருப்பு நிறம் தீட்டிய நிலத்தை மட்டும் எண்ணும் மதிப்பீடு இத்தனை ஆயிரம் வீடுகளையும், அவற்றுக்கு வேண்டிய பள்ளியையும் சேர்த்துத் தவறவிடும்.

வீடு மிஞ்சிக் கிடக்க, வீடில்லாதவரும் இருப்பதற்குக் காரணம் விலை. கசானா ஆய்வுக் கழகம் 2015இல் வெளியிட்ட அறிக்கை, நடுநிலைக் குடும்பத்தின் ஆண்டு வருமானத்தின் மூன்று மடங்குக்குள் வீட்டின் நடுநிலை விலை இருந்தால் வாங்கக்கூடியது என்ற அளவுகோலை நாட்டில் பரவலாக்கியது. 2022இல் ஜொகூரின் நடுநிலைக் குடும்ப மாத வருமானம் ஏறக்குறைய 6,900 ரிங்கிட். மூன்றாண்டுக்குப் பெருக்கினால் 2 லட்சத்து 48 ஆயிரம் ரிங்கிட். மவுண்ட் ஆஸ்டின் பக்கம் புது இரட்டை மாடி வீட்டை இந்த விலைக்குக் கேட்டால் விற்பனைப் பெண் சிரித்துக்கொண்டே அடுக்குமாடி விளம்பரத் தாளை எடுத்து நீட்டுவார். ஆகவே நில இருப்பை ஹெக்டேரிலும் வீட்டு எண்ணிக்கையிலும் சொல்வதோடு, விலைப் படிகளிலும் பிரித்துச் சொல்ல வேண்டும்: 1.5 லட்சத்துக்குள், 2.5 லட்சத்துக்குள், அதற்கு மேல். நிலத்தின் விலையும் பிரிமியமும் மண் நிரப்பும் செலவும் சேர்ந்து முதல் படியில் வீடு கட்ட முடியாதென்றால், அந்த நிலம் முதல் படிக்கு இருப்பே இல்லை, எவ்வளவு அகலமாகக் கிடந்தாலும்.

இங்கிலாந்தில் இதற்கென்றே முறையான ஏற்பாடு உண்டு. 2007இல் அந்நாட்டு அரசு வெளியிட்ட வழிகாட்டிக்குப் பின், ஒவ்வொரு உள்ளூர் மன்றமும் தன் எல்லைக்குள் வீட்டுக்கு ஏற்ற இடங்களைப் பட்டியலிட்டு மூன்று சோதனை வைக்கிறது: இடம் தக்கதா, உரிமையாளர் தர ஆயத்தமா, கட்டினால் கட்டுப்படியாகுமா. மூன்றிலும் தேறிய இடங்கள், முதல் ஐந்தாண்டு, அடுத்த ஐந்தாண்டு, அதற்கும் பின் என்று தட்டுகளில் ஏறும். நில உரிமையாளர்களையே முன்வந்து சொல்லுமாறு அழைப்பதும் அங்கே வழக்கம். சிங்கப்பூருக்கு இத்தனை பாடு கிடையாது. நிலத்தின் பெரும்பகுதி அரசின் கையிலேயே இருப்பதால், எந்த ஆண்டு எந்த மனை ஏலத்துக்கு வரும் என்பதை அரசே வைத்துக்கொள்கிறது. ஜொகூரின் நிலை இரண்டுக்கும் நடுவே. அதிகாரம் மாநிலத்திடம், நிலம் தனியாரிடம். சிங்கப்பூரைப் பார்த்துத் திட்டம் போட்டு இங்கிலாந்தைப் போல் காத்திருக்க வேண்டிய இடம் இது. இங்கிலாந்தின் மூன்று சோதனைகளே இங்கே கூடுதலாகப் பொருந்தும்.

அந்தச் சோதனையை வைத்துத் தெப்ராவைப் பார்த்தால் தட்டுகள் ஒருவாறு தெளிகின்றன. முதல் ஐந்தாண்டில் வருபவை: திட்ட அனுமதி பெற்று, பத்திரத்திலும் ‘கட்டடம்’ என்று மாறி, சாலையும் தண்ணீரும் வாசலுக்கு வந்த தமான்களின் மீதிக் கட்டங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை வேண்டும். சட்டம் 172இன்படி அனுமதி பெற்று 12 மாதத்துக்குள் வேலை தொடங்காவிட்டால், நீட்டிப்பு வாங்காத அனுமதி காலாவதியாகும். நீட்டித்து நீட்டித்து வைத்திருக்கும் அனுமதி நிலத்தின் விலையை ஏற்ற உதவும், வீட்டைத் தராது. மூன்றாம் முறை நீட்டிப்புக் கேட்ட மனையை முதல் தட்டிலிருந்து இறக்கிவிடுவது நல்லது. இரண்டாம் தட்டில் குடியிருப்பு நிறம் பெற்றும் விவசாயப் பத்திரத்தில் நிற்கும் செம்பனைத் தோட்டங்கள். செம்பனைக்குச் சுமார் 25 ஆண்டு ஆயுள். மறுநடவுக்கு நெருங்கும் மரங்கள் உள்ள தோட்டத்தின் உரிமையாளர்தான் விற்பதா நடுவதா என்று யோசிப்பார். மரத்தின் வயதை விசாரித்து எழுதுவது எந்த வட்டித் தரவையும்விட நல்ல தடயம். மூன்றாம் தட்டில் உலு திராம் பக்கம் சாலையும் கழிவுநீர்க் குழாயும் இன்னும் எட்டாத நிலங்கள்.

கட்டிய பகுதிக்குள்ளும் இடம் உண்டு. கைவிடப்பட்ட திட்டங்கள், பழைய மலிவு விலை அடுக்குமாடிகள், நகரத்தை ஒட்டிய தொழிற்பட்டறைகள் எல்லாம் பேருந்தும் பள்ளியும் உள்ள இடங்களில் இருக்கின்றன. ஆனால் 1985ஆம் ஆண்டின் அடுக்குமாடி உரிமைச் சட்டப்படி ஓர் அடுக்குமாடியைக் கலைக்க எல்லா உரிமையாளரும் ஒருமித்து இசைய வேண்டும். 200 வீடுகளில் ஒருவர் மறுத்தாலும் முடியாது. அதனால் இந்த இடங்களைப் பட்டியலில் வைக்கலாம். எண்ணிக்கையில் சேர்க்கும்போது கை இறுக்கமாக இருக்க வேண்டும்.

பட்டியல் ஒருமுறை எழுதி மூடிவைக்கும் ஏடாகிவிடக் கூடாது. ஊராட்சி மன்றம் ஒவ்வோராண்டும் எந்த மனை வீடானது, எது தட்டு மாறியது, எங்கே ஆற்று ஒதுக்கீடு திருத்தப்பட்டது என்று பதிந்துவந்தால், உள்ளூர்த் திட்டத்தை மறுபார்வை செய்யும்போது மீண்டும் முதலிலிருந்து அளக்க வேண்டியதில்லை. மாவட்ட நில அலுவலகம், ஊராட்சி மன்றம், வடிகால் நீர்ப்பாசன இலாகா ஆகிய மூன்றின் வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கக் கணினி இருக்கிறது. வைக்கச் சொல்லும் ஆணைதான் பல இடங்களில் தாமதமாகிறது.

வரைவு முடிந்ததும் சட்டம் 172 பொதுமக்களுக்கு ஒரு வாசலைத் திறக்கிறது. உள்ளூர்த் திட்ட வரைவை மன்றம் செய்தித்தாளில் அறிவித்துக் காட்சிக்கு வைக்க வேண்டும். குறைந்தது நான்கு வாரம் பார்வையிடவும் எதிர்ப்பை எழுத்தில் தரவும் வாய்ப்பு உண்டு. எதிர்ப்புகளைக் கேட்ட பிறகே வரைவு மாநிலத் திட்டக் குழுவின் ஒப்புதலுக்குப் போகும், அதன்பின் அரசிதழில் ஏறும். தன் நிலத்துக்குப் பொதுப்பயன் நிறம் தீட்டி, அதைக் காரணம் காட்டி அனுமதி மறுக்கப்பட்ட உரிமையாளர், நிலத்தை அரசே வாங்கிக்கொள்ளுமாறு பிரிவு 37இன் கீழ் அறிவிப்புக் கொடுக்கலாம். பத்திரம் உள்ளவருக்கு இந்தப் பிரிவு இருக்கிறது. கோவில் நிர்வாகம், பள்ளி வாரியம், லயன்களில் மிஞ்சிய குடும்பங்கள், ஆற்றங்கரைக் கிராம மக்கள் ஆகியோருக்கு அந்த நான்கு வாரம்தான். எந்த முக்கிம், எந்த லாட் எண், எத்தனை சதுர மீட்டர் என்று குறித்து, பழைய படமோ ரசீதோ இணைத்துக் கொடுத்த மனு விசாரணையில் எடுபடும். ‘எங்கள் ஊரைக் காப்பாற்றுங்கள்’ என்று மட்டும் எழுதிய மனு கோப்பில் தங்கும்.